செக்சன் கமாண்டர் கடைசியில்தான் சாப்பிடணும்

ஜூன் கடைசியில் என்.சி.சி. எனும் தேசிய மாணவர் படையில் சேர்வதற்கான விருப்பப் படிவத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினால், மறுநாள் காலையில் ஒன்றிரண்டு அம்மாக்கள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நிற்பார்கள். கேட்பது ஒன்றுதான்: “சார், சண்ட வந்தா எம் பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருவாவளா?”

எங்கள் பள்ளி தூத்துக்குடி மாவட்டக் கடலோரத்தில் இருக்கிறது. பாதி வீடுகளில் கடல் தொழில், மீதி வீடுகளில் உப்பளம். சாப்பாட்டுக்கே உயிரைப் பணயம் வைக்கிற குடும்பங்கள், பிள்ளைக்குக் காக்கிச் சட்டை என்றதும் பயப்படுவதில் தப்பில்லை. தாத்தா காலத்து நினைவும் சேர்ந்துகொள்கிறது. 1962 சீனப் போருக்குப் பிறகு கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி.யைக் கட்டாயமாக்கியிருந்தார்கள். 1968இல்தான் அது மறுபடி அவரவர் விருப்பம் ஆனது. ஆகவே அம்மாக்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்வேன். 1948ஆம் ஆண்டின் தேசிய மாணவர் படைச் சட்டப்படி, இதில் சேர்கிற பிள்ளைக்குப் போர்ப்பணி செய்ய வேண்டிய கடமை கிடையாது. பட்டாளத்துக்குப் போவதும் போகாததும் பிற்காலத்தில் அவன் எடுக்கிற முடிவு. படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன் இதை ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லிவிடுவது நல்லது. பயத்தோடு அனுப்புகிற வீடு, முதல் கேம்ப் வரும்போது பிள்ளையைத் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

நான் கணித ஆசிரியர். என்.சி.சி.யில் ஏ.என்.ஓ., அதாவது பள்ளியின் என்.சி.சி. அணியான ட்ரூப்பைப் பார்த்துக்கொள்ளும் இணை அதிகாரி. நாக்பூர் பக்கத்திலுள்ள காம்டி பயிற்சி மையத்தில் எங்களைப் போன்ற வாத்தியார்களைப் புரட்டி எடுத்துத்தான் தோளில் பட்டை குத்தினார்கள். அங்கே கற்றுக்கொண்டவை நிறைய. ஆனால் பதின்மூன்று வயதுப் பையனிடம் பத்துப் பேரை ஒப்படைத்தால் அவனுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஊருக்குத் திரும்பிய பிறகு பிள்ளைகளிடம்தான் படித்தேன். இங்கே எழுத நினைப்பதும் அதைத்தான்.

ஹெச்.என். குன்ஸ்ரு தலைமையில் 1946இல் அமைத்த குழுவின் பரிந்துரையால் பிறந்தது என்.சி.சி. 1965, 1971 போர்களின்போது என்.சி.சி. மாணவர்களான கேடட்டுகள் இரண்டாம் வரிசைப் பாதுகாப்பாக நின்று உதவினார்கள். அந்தப் போர்களுக்குப் பிறகு பாடத்திட்டத்தையே மாற்றி, தலைமைப் பண்புக்கும் அதிகாரிக்குரிய குணங்களுக்கும் முக்கியத்துவம் கொடுத்தார்கள். தாளில் இது சுலபம். எட்டாம் வகுப்பில் ‘தலைமைப் பண்பு’ என்று கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்திப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் கொட்டாவி விடுவார்கள். பொறுப்பைக் கையில் கொடுத்தால்தான் அந்தப் பாடம் ஏறும்.

யாரைச் சேர்ப்பது என்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. உயரம், உடல்தகுதி, ஓட்டம் எல்லாம் பார்த்தாக வேண்டும், அதில் விலக்கு இல்லை. அதோடு நான் இன்னொன்றும் பார்ப்பேன். விளையாட்டு பீரியட் முடிந்து மணி அடித்தபின், சிதறிக் கிடக்கும் பந்துகளைப் பொறுக்கி அறையில் வைத்துவிட்டுப் போகிற பிள்ளை யார்? பெரும்பாலும் யார் கண்ணிலும் படாத பிள்ளையாக இருக்கும். அந்தப் பெயரை மறக்காமல் குறித்துக்கொள்வேன். வகுப்பில் முதல் மதிப்பெண் எடுக்கிறவர்களையே சேர்க்கச் சொல்லி அழுத்தம் வரும். அதற்கு வளைந்து கொடுக்காதீர்கள். படிப்பில் பின்தங்கி, தன்னால் எதுவும் ஆகாது என்று நம்பிக்கொண்டிருக்கிற பிள்ளைக்குத்தான் இந்தச் சீருடை அதிகம் தேவைப்படுகிறது.

முதல் சில மாதம் டிரில் மட்டுமே. சாவ்தான் (நேராக நில்), விஷ்ராம் (தளர்ந்து நில்), தாஹினே முட் (வலப்பக்கம் திரும்பு), பாயே முட் (இடப்பக்கம் திரும்பு). கட்டளைகள் எல்லாம் இந்தி. 1968 ஜனவரியில் நம் சட்டமன்றம் நிறைவேற்றிய இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தில், என்.சி.சி.யிலிருந்து இந்திக் கட்டளைச் சொற்களை எடுக்க வேண்டும் என்பதும் இருந்தது. இந்த வரலாற்றை என் கேடட்டுகளுக்குச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவேன். நம் மாநிலத்தில் இது ஒரு வாதமாக இருந்தது என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கட்டளைக்கும் என்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும் என்பதைத் தமிழில் விளக்கிவிட்டுத்தான் வரிசையில் நிறுத்துவேன். புரியாமல் திரும்புகிற பையன் பக்கத்தில் நிற்கிறவனைப் பார்த்துத் திரும்புவான். எங்கள் பகுதிப் பள்ளிகளைப் பார்த்துக்கொள்ளும் என்.சி.சி. பட்டாலியனிலிருந்து பயிற்சி கொடுக்க வருகிற ராணுவ ஹவில்தாருக்கு முதலில் இது நேர விரயமாகத் தோன்றியது. பிள்ளைகள் வேகமாகப் பிடித்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு, அடுத்த வருடம் அவரே “சார், முதல்ல தமிழ்ல சொல்லிருங்க” என்றார்.

கட்டளையில் இரண்டு பகுதி உண்டு. முதலில் எச்சரிக்கை, பின்னர் செயல். நடுவில் ஒரு சின்ன இடைவெளி. எல்லாரும் காதில் வாங்கிவிட்டார்களா, தயாராக இருக்கிறார்களா என்று சொல்கிறவன் பார்த்துக்கொள்வதற்கான நேரம் அது. புதிதாகக் கட்டளை கொடுக்கும் பையன் பதற்றத்தில் இரண்டையும் ஒட்டிச் சொல்லிவிடுவான், வரிசை குலையும். “நீ சத்தம் போடுறதுக்கு முன்னால அவங்க முகத்தப் பாரு” என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும். சில வாரத்தில் அவன் குரல் தானாக அடங்கி, கனம் ஏறும். தொண்டையிலிருந்து கத்தாமல் வயிற்றிலிருந்து குரல் எடுக்க ஹவில்தார் கற்றுக் கொடுப்பார்.

இனி செக்சன் கமாண்டர் விஷயம். எங்கள் ட்ரூப்பைப் பத்துப் பேர் அளவில் செக்சன்களாகப் பிரித்திருக்கிறோம். கார்ப்பரல், சார்ஜண்ட் ரேங்க் எல்லாம் இரண்டாம் வருடம் முறைப்படி வரும். அதுவரை காத்திருக்காமல், முதல் வருடத்திலிருந்தே செக்சன் கமாண்டர் பொறுப்பைச் சுற்றில் விடுகிறேன். எல்லாருக்கும் வரும், பேசவே கூச்சப்படுகிற பையனுக்கும் வரும். பொறுப்பு வந்தவன் செய்ய வேண்டியவை மூன்று. பரேடுக்கு முன் பத்துப் பேரின் டர்ன்-அவுட்டைப் பார்க்க வேண்டும்: பெல்ட் பக்கிளை பிராஸோ போட்டுப் பளபளப்பாக்கியிருக்கிறார்களா, பூட் லேஸ் உள்ளே சொருகியிருக்கிறதா, தொப்பியில் ஹேக்கிள் என்னும் சிவப்பு இறகுக் குஞ்சம் நேராக நிற்கிறதா. வராதவன் ஏன் வரவில்லை என்பதை மதியத்துக்குள் தெரிந்துகொண்டு எனக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும். பரேடு முடிந்ததும் சிற்றுண்டி வாங்கிப் பங்கிட வேண்டும், தன் பங்கைக் கடைசியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மூன்றாவதில்தான் பிள்ளைகள் அதிகம் திணறுவார்கள். கமாண்டர் என்றால் முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்று தங்களுக்குத் தெரிந்த பெரியவர்களைப் பார்த்துப் படித்து வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு டேராடூன் ராணுவ அகாதமியைப் பற்றிச் சொல்வேன். 1932இல் அதன் தொடக்க விழாவில் பீல்டு மார்ஷல் செட்வுட் சொன்னது இன்றும் அங்கே பயிற்சி பெறும் ஒவ்வோர் அதிகாரிக்கும் மனப்பாடம். நாட்டின் பாதுகாப்பும் மானமும் முதலில், உனக்குக் கீழே இருப்பவர்களின் நலன் அடுத்து, உன் சொந்த வசதி எப்போதும் கடைசியில். இதைக் கேட்டதும் எட்டாம் வகுப்புப் பையன் நெஞ்சு நிமிரும். ஆனால் கையில் கடைசிப் பொட்டலம் மட்டும் மிஞ்சி, அதில் வடை உடைந்திருக்கும் அன்றைக்குத்தான் அது உறைக்கும்.

இரண்டாவது பொறுப்பால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பையன் தொடர்ந்து சனிக்கிழமை பரேடுக்கு வரவில்லை. பழைய முறையில் என்றால் பெயரில் சிவப்பு மை விழுந்து, பெயர்ப் பட்டியலிலிருந்து நீக்கியிருப்போம். அவன் செக்சன் கமாண்டர் வீடு தேடிப் போயிருக்கிறான். அப்பா படகில் அடிபட்டுப் படுத்திருக்கிறார், பையன் சனிக்கிழமை ஐஸ் கம்பெனியில் பெட்டி தூக்கப் போகிறான். கமாண்டர் என்னிடம் வந்து, “சார், அவன் சோம்பேறி இல்ல சார். செவ்வாய்க்கிழம சாயங்காலம் நான் அவனுக்கு டிரில் சொல்லிக் குடுக்கட்டுமா?” என்றான். தலைமை ஆசிரியர் அந்த வீட்டுக்கு உதவ ஏற்பாடு செய்தார், பையனின் சனிக்கிழமை வேலையும் நின்றது. தலைமைப் பண்பை நான் எத்தனை பீரியட் நடத்தியிருந்தாலும் அந்தக் கேள்வி அவன் வாயிலிருந்து வந்திருக்காது.

தண்டனையைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன். சீனியர், ஜூனியரை முட்டி போட வைப்பது, தவளைத் தாவல், வெயிலில் நிறுத்துவது இவையெல்லாம் ‘மிலிட்டரி டிசிப்ளின்’ என்று பல இடங்களில் நம்புகிறார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பிள்ளைகளுக்கு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. காக்கி போட்டதும் அந்தச் சட்டம் விலகிவிடாது. எங்கள் ட்ரூப்பில் ஜூனியரைத் தண்டிக்கும் அதிகாரம் எந்த சீனியருக்கும் கிடையாது. தப்பு செய்தவன் பெயரை வரிசையில் கத்தக் கூடாது, “வலமிருந்து மூணாவது ஆள், முழங்கை” என்று சொன்னால் போதும். நன்றாகச் செய்தால் மட்டும் பெயரைச் சொல்லிப் பாராட்ட வேண்டும். பரேடு கலைவதற்கு முன் பத்து நிமிடம் தரையில் உட்கார்ந்து, அன்றைக்குக் கொடுத்த எந்தக் கட்டளையையும் “ஏன்?” என்று கேட்கலாம். கேட்கிறவன் எழுந்து நின்று, மரியாதையோடு கேட்க வேண்டும், அவ்வளவுதான். வரிசையில் நிற்கும்போது கீழ்ப்படிவதும், பிறகு அறிவைக் கொண்டு கேள்வி கேட்பதும் ஒரே பிள்ளையிடம் இருக்க முடியும். பின்னது இல்லாமல் முன்னதை மட்டும் வளர்த்தால் குடிமகன் உருவாக மாட்டான்.

உடம்பு பற்றிச் சில குறிப்புகள். ஆகஸ்ட் 15 ஒத்திகையில் பிள்ளைகள் மயங்கி விழுவது சகஜம். முக்கால்வாசி, வெறும் வயிற்றில் வந்தவர்கள். ஒரு வாழைப்பழமாவது தின்றுவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். சாவ்தானில் நெடுநேரம் நிற்கும்போது முழங்காலைப் பின்னுக்கு இறுக்கிப் பூட்டக் கூடாது. இரத்தம் காலில் தங்கித் தலை சுற்றும். பூட்டுக்குள்ளே கால்விரல்களை அசைத்துக்கொண்டே இருந்தால் தாங்கும். புது பூட்டை நேராகப் பரேடுக்குப் போட்டு வராமல், வீட்டில் தடித்த சாக்ஸோடு தினம் கொஞ்ச நேரம் நடந்து பழக்க வேண்டும். கொப்புளம் வந்தால் ஊசியால் குத்த வேண்டாம்.

கேம்ப் வேறொரு உலகம். ஆண்டுக் கூட்டுப் பயிற்சி முகாம், பத்து நாள். பல பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளைக் கலந்து கம்பெனிகளாகப் போடுவார்கள். ஒரே பள்ளிக்காரர்கள் ஒரே அறையில் ஒட்டிக்கொண்டு தூங்கலாம் என்ற நினைப்பு முதல் மாலையே கலையும். அதிகாலை விசில், பி.டி., காலை டிரில், வகுப்பு, மெஸ் வரிசை, மாலை விளையாட்டு, ரோல் கால், இரவில் சென்ட்ரி டியூட்டி எனும் காவல் பணி. முதல் இரண்டு ராத்திரி போர்வைக்குள் விசும்பல் கேட்கும். அதற்காக வீட்டுக்கு போன் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள், அழுகை இரட்டிப்பாகும். அந்தப் பிள்ளைக்குச் சின்ன வேலை ஒன்று கொடுங்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்பியதா என்று பார்ப்பது, மறுநாள் வேலைப் பட்டியல் எழுதுவது. மூன்றாம் நாள் அவனே அடுத்தவனைத் தேற்றிக்கொண்டிருப்பான்.

பெற்றோருக்கு: பெட்டிக்குப் பூட்டு, கொசுவலை, தட்டு, டம்ளர், டார்ச், ஊசி நூல், துணி உலர்த்தக் கயிறு, தினமும் சாப்பிடும் மாத்திரை இருந்தால் மருத்துவர் சீட்டோடு. விலையுள்ள எதுவும் வேண்டாம். ஆஸ்துமா, வலிப்பு போன்ற எதையும் மறைத்து அனுப்பாதீர்கள். ஏ.என்.ஓ.விடம் முன்கூட்டியே சொன்னால் பார்த்துக்கொள்ள வழி இருக்கிறது.

.22 ரைபிள் சுடுவதுதான் பிள்ளைகளுக்குப் பெரிய கனவு. இருபத்தைந்து கெஜத்தில் இலக்கு, தரையில் படுத்துச் சுட வேண்டும். இதில் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. துப்பாக்கியின் வாய் எப்போதும் இலக்குப் பக்கம். வகுப்பில் அதிகம் சத்தம் போடுகிறவர்கள் இங்கே மூச்சை அடக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

அடுத்து, என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி. எங்கள் தென் மாவட்டங்களில் பள்ளிக்கூடத்துக்குள் சாதி எப்படி நுழைகிறது என்பது தமிழ்நாட்டுக்கே தெரியும். 2023இல் நாங்குநேரியில் மாணவன் ஒருவன் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொன்னது. எங்கள் ட்ரூப்பில் சீருடை போட்டால் மணிக்கட்டில் வாட்ச் தவிர எதுவும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு வருடமும் ஒருவனாவது “சார், வீட்ல அவுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காக” என்பான். எல்லார் முன்னாலும் அறுத்து எறிகிற வேலையை நான் செய்வதில்லை. அது அவமானமாகத் தங்கி, பிறகு பகையாக முளைக்கும். தனியே கூப்பிட்டு, “இந்தச் சட்டைய மாட்டினா நீ இந்த ஊர் மொத்தத்துக்கும் பிள்ள. எப்பத் தயாரோ அப்ப வந்து சேரு” என்பேன். செக்சன்களைப் பிரிக்கும்போது ஒரே தெருப் பிள்ளைகள் ஒரே செக்சனில் வராமல் பார்த்துக்கொள்வேன். கேம்பில் ஒரே வாளித் தண்ணீர், ஒரே மெஸ் வரிசை. சென்ட்ரி டியூட்டியில் நடுராத்திரி இருவர் மட்டும் முழித்திருக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரப் பேச்சுக்கு ஈடான பாடம் எதுவும் என்னிடம் இல்லை. பத்து நாளில் சாதி போய்விடும் என்று சொல்ல மாட்டேன். ஊருக்குத் திரும்பியதும் தெரு மறுபடி பிரிக்கும். ஆனாலும் தகராறு கிளம்பும் நாளில் எதிர்த் தெருவில் பெயர் தெரிந்த ஒருவன் இருப்பது பெரிய விஷயம்.

2021 டிசம்பரில் என்.சி.சி. ‘புனீத் சாகர்’ என்ற கடற்கரைத் தூய்மை இயக்கத்தைத் தொடங்கியது. கடலோரப் பள்ளி என்பதால் நாங்களும் இறங்கினோம். மூட்டை மூட்டையாக பாட்டில், கிழிந்த வலை, கவர் என்று பொறுக்கினோம். படம் எடுத்து அனுப்பிய பிறகு ஒரு கேடட் கேட்டான்: “சார், இத எங்க கொண்டு போறது?” பதில் இல்லை. மீன் இறக்கும் இடத்துக்குக் குப்பை வண்டியே வருவதில்லை. நாலு நாள் காற்றில் பாதி மூட்டை பிரிந்து மறுபடி கடலுக்குப் போயிருந்தது.

அந்த ஆகஸ்ட் 15, காலையில் கொடியேற்றமும் அணிவகுப்பும் முடிந்ததும் பிள்ளைகளைச் சீருடையோடு கிராம சபைக்குக் கூட்டிப் போனேன். வாக்காளர்கள்தான் கிராம சபை உறுப்பினர்கள், பிள்ளைகள் பார்வையாளராகப் பின்னால் உட்காரலாம். வரவு செலவு வாசிக்கப்படுவதையும், கைகலப்பு வரைக்கும் போய் அடங்குவதையும் கண்கொட்டாமல் பார்த்தார்கள். வண்டி பற்றிய மனுவை அவர்களே ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். கொடுப்பதற்கு ஒரு வாக்காளர் வேண்டும். ஒரு கேடட்டின் அம்மா ஊராட்சித் தூய்மைக் காவலர். அவர் எழுந்து நின்று வாசித்தார். தினமும் அந்தக் குப்பையை அள்ளுகிறவரே பேசியதால் யாராலும் மறுத்துப் பேச முடியவில்லை. தீர்மானம் ஏறியது. வண்டி உடனே வரவில்லை. தீர்மான நகல் கேட்டு வாங்கச் சொல்லிக் கொடுத்தேன், அக்டோபர் 2 கூட்டத்தில் அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு அதே அம்மா மறுபடி கேட்டார். இப்போது வாரம் இருமுறை வண்டி வருகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் எங்கள் ட்ரூப் நாட்குறிப்பில் பரேடு நாளுக்குச் சமமாக எழுதப்பட்டிருக்கின்றன. ஏ.என்.ஓ.க்களுக்கு என் வேண்டுகோள், குடிமைப் பயிற்சியை ஊர்வலத்தோடும் பதாகையோடும் நிறுத்தாதீர்கள்.

சான்றிதழைப் பற்றிக் கேட்பார்கள். பள்ளிப் பிரிவான ஜூனியர் டிவிஷனில் இரண்டு வருடம், 75 சதவீத வருகை, ஒரு கேம்ப் முடித்துத் தேர்வு எழுதினால் ‘ஏ’ சான்றிதழ். கல்லூரியில் தொடர்ந்து ‘சி’ சான்றிதழை நல்ல கிரேடில் வாங்கிப் பட்டமும் முடித்தால், எழுத்துத் தேர்வு இல்லாமல் ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்முகத்துக்கு நேராகப் போகும் சிறப்பு வழி இருக்கிறது, அதில் தேறினால் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாதமிக்குப் போகலாம். காவலர் தேர்விலும் என்.சி.சி.க்குச் சிறப்பு மதிப்பெண் தருகிறார்கள். விதிகள் அவ்வப்போது மாறும், அந்தந்த வருட அறிவிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணுக்காகவே சேர்த்தாலும் எனக்கு வருத்தமில்லை. உள்ளே வந்தபின் பிள்ளைக்கு வேறு காரணம் கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் என்.சி.சி. பெயரைச் சொல்லி நடத்தப்பட்ட போலி முகாமில் மாணவிக்கு நேர்ந்த கொடுமையை யாரும் மறந்துவிடக் கூடாது. உண்மையான கேம்ப் என்றால் பட்டாலியனிலிருந்து எழுத்துபூர்வ உத்தரவு இருக்கும், பெற்றோர் சம்மதப் படிவம் இருக்கும், பள்ளியின் ஏ.என்.ஓ. பெயர் தெரியும், மாணவிகளோடு பெண் அதிகாரியோ பெண் பயிற்சியாளரோ இருப்பார்கள். உத்தரவின் நகலைக் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரை நம்பிப் பிள்ளையை அனுப்ப வேண்டாம். பட்டாலியன் அலுவலகத்துக்கு நேரில் போய் விசாரித்தாலும் தவறில்லை, அவர்கள் பதில் சொல்வார்கள்.

உங்கள் பள்ளியில் என்.சி.சி. இல்லையென்றால், தலைமை ஆசிரியர் வழியாக அருகிலுள்ள பட்டாலியனுக்கு விண்ணப்பிக்கலாம். மைதானம், பொருட்களைப் பூட்டி வைக்க ஓர் அறை, பயிற்சிக்குப் போகத் தயாராக இருக்கும் ஓர் ஆசிரியர் வேண்டும். காத்திருப்புப் பட்டியல் நீளம். காத்திருக்க முடியாத பள்ளிகளுக்கு முழுச் சுயநிதித் திட்டம் ஒன்றும் உண்டு. 2020இல் எல்லை, கடலோர மாவட்டங்களில் ஒரு லட்சம் கேடட்டுகளைக் கூடுதலாகச் சேர்க்கப்போவதாக மத்திய அரசு அறிவித்தது, ஆகவே கடலோரப் பள்ளிகள் கேட்டுப் பார்க்கலாம். ஆசிரியர் யார் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு விண்ணப்பியுங்கள். சனிக்கிழமையை மனமார விட்டுக்கொடுக்கிறவராக இருக்க வேண்டும்.